சூரியன் பாதை வளைகிறதா, லென்ஸ் வளைக்கிறதா?



சூரியனின் பகல் நேரப் பாதையைக் காட்டும் ஒளிப்படங்களை நாம் வகுப்பில் பயன்படுத்துகிறோம். கேமராவை அசையாமல் நிறுத்தி, மணிக்கு ஒருமுறை எடுத்த படங்களை ஒன்றாக இணைத்தால் பல சூரியன்கள் வரிசையாகத் தெரியும். வானத்தின் பெரும்பகுதி தெரிய வேண்டும் என்பதால் இதற்கு அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்துவார்கள்.

அப்படத்தைப் பார்க்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்கலாம்: “நடுவில் சூரியன்கள் நெருக்கமாக இருக்கின்றன, ஓரத்தில் விலகியிருக்கின்றன. காலையிலும் மாலையிலும் சூரியன் வேகமாகப் போகுமா, டீச்சர்?” “அப்படியெல்லாம் இல்லை, உட்கார்” என்று சொல்லிவிட்டால் அவள் இனி உற்றுப் பார்க்கமாட்டாள். அவள் கவனித்தது சரி. காரணம் மட்டும் வேறு.

சம பகலிரவு நாளில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உச்சிவேளைச் சூரியனைப் படத்தின் மையமாக வைப்போம். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸில், மையத்திலிருந்து உள்ள தூரம் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைப் பொறுத்தது. 45 பாகைக்கு 10 செ.மீ. வருமாறு அச்சிட்டால், 15 பாகை 2.7 செ.மீ.யிலும் 30 பாகை 5.8 செ.மீ.யிலும் விழும். அடுத்தடுத்த இடைவெளிகள் 2.7, 3.1, 4.2 செ.மீ. சூரியனின் வேகம் மாறவில்லை; தட்டையான படம் ஓரத்தை இழுத்துக் காட்டுகிறது. அதனால்தான் ஓரத்துச் சூரியன் முட்டை வடிவிலும் தெரிகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு இது நல்ல கணக்கு.

அடுத்தது வளைவு. சம பகலிரவு நாளில் இவ்வகை லென்ஸில் சூரியன் பாதை நேர்கோடாக விழும். மற்ற நாள்களில் வளைகோடாக விழும்; அது லென்ஸின் குறை அன்று. ஆனால் மீன்கண் லென்ஸ், மையத்தை விட்டு விலகிச் செல்லும் நேர்கோட்டையும் வளைத்துவிடும். எது எது என்று எப்படி அறிவது? அதே படத்தின் ஓரத்தில் சுவரின் விளிம்போ மின்கம்பமோ இருக்கிறதா என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். அளவுகோலை அதன்மேல் வைக்கட்டும். கம்பமே வளைந்திருந்தால், பாதையின் வளைவில் லென்ஸுக்கும் பங்கு உண்டு.

கேமரா இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். சமதளமான முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியை மணிக்கு ஒருமுறை குறியுங்கள். மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய நாள்களில் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமையும். உச்சிவேளையிலிருந்து விலக விலக இடைவெளி கூடும். வானக் கோணங்கள் தட்டையான தரையில் விழுவதால், படத்தில் கண்ட அதே விளைவு இங்கும் வருகிறது. ஜூன் மாதத்தில் மீண்டும் குறித்தால் வளைகோடு கிடைக்கும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் புள்ளிகளை இணைத்தாலே போதும்.

ஓர் எச்சரிக்கை. சூரியனை நேராகவோ கேமராவின் பார்வைத்துளை வழியாகவோ யாரும் பார்க்கக் கூடாது. படமெடுக்கச் சூரிய வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

இனி இத்தகைய படத்தைக் காட்டும்போது, “இதில் வானத்தின் பங்கு எது, லென்ஸின் பங்கு எது?” என்று முதலில் கேளுங்கள். அளந்து பார்த்து விடை சொல்லப் பழகும் பிள்ளைகள், பிற படங்களையும் அப்படியே அணுகுவார்கள்.