பறையைத் தூக்கிறதுக்கு முதல்

(அஜின்கோர்ட்டில் நடந்த இசைகேட்கும் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப நாங்கள் கேட்டது ‘த கெட்டோ பிரதர்ஸ்’. நியூயோர்க்கின் சவுத் பிராங்ஸில் வளர்ந்த புவெர்ட்டோ ரிக்கோப் பெடியளின் குழு. 1971 டிசம்பரில் தங்கட தோழர் ஒருவர் கொல்லப்பட்டபோது, பழிவாங்கப் போகாமல் மற்றத் தெருக்குழுக்களையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினவை. அடுத்த வருசம் லத்தீன் தாளம், சோல், றொக் எல்லாம் கலந்து ஒரு அல்பம் போட்டினம்.

“எங்கட தமிழில இப்படி ஒண்டும் இல்லையோ?” எண்டு கேட்டீங்கள். இருக்கு.

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து வந்தது. வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானாவோட ராப்பும் றொக்கும் சேருது. கிற்றாருக்குப் பக்கத்தில பறை, சட்டி, கட்டமோளம். இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் அம்பேத்கரைப் பற்றியும் பாடுகினம். ஆண்களின் களமாக இருந்த கானாவில் இசைவாணி எண்ட பெண் குரல். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவரும் இருந்தார்.

சினிமாப் பாட்டில கொஞ்சம் ஊர்வாசம் வேணுமெண்டால் பறையை நாலு தட்டுத் தட்டி விடுவினம். இங்க கதை வேற. கானா பாடி வளர்ந்தவர்களே சொல்லையும் எழுதுகினம். வாத்தியத்தோட அதின்ர வரலாறும் மேடைக்கு வருது.

இனி எங்கட பக்கம் பாப்பம். ரொறன்ரோவில ஊர்வலத்திலயும் கலைவிழாவிலயும் பறை அடிக்கிறம். ‘தமிழரின் ஆதி இசை’ எண்டு பெருமையாகச் சொல்லுறம். நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்தில் சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட அடிமைத் தொழிலாக இருந்தது. பறையைக் கீழ வைச்சதே போராட்டமாக இருந்த காலமும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் போகத்தானே ஒடுக்கப்பட்ட சனம் வாசலில் போராட வேண்டி வந்தது? இதையெல்லாம் கழுவிப்போட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்தால், பறையும் எங்களுக்கு ஒரு அலங்காரந்தான்.

“கனடாவில ஏது சாதி?” எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். அவையே புதுசா ஒருத்தரைக் கண்டால், “ஊரில எவடம்?” எண்டு தொடங்கி, “ஆற்றை பிள்ளை?” எண்டு முடிப்பினம். அந்தக் கேள்வி எதைத் தேடுது எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை சாதி ஒடுக்குமுறை இங்கயும் இருக்கு எண்டு ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எங்கட ஸ்காபரோவின் பிரதிநிதி யாழினி இராஜகுலசிங்கம். சாதி இல்லாத இடத்தில ஏன் அப்படி ஒரு தீர்மானம்?

நான் கேட்கிறது இரண்டு விசயம். அடுத்த ஊர்வலத்தில பறை அடிக்க முதல், அதை அடிக்க வைக்கப்பட்ட சனத்தின்ர கதையை ஒலிவாங்கியில சொல்லுவம். அதோட, “எவடம்?” எண்ட கேள்வி எங்கட வீட்டு மேசையில வரேக்க, சிரிச்சுச் சமாளிக்காமல், “ஏன் கேட்கிறீங்கள்?” எண்டு திருப்பிக் கேட்பம். அம்மாவிடமும்தான். இரண்டாவதுதான் கஷ்டம்.

இனி பாட்டைப் போடுறன். கேட்டிட்டுக் கதைப்பம்.