தலையெழுத்தும் உயிரெழுத்தும்
(கோவில்பட்டியில் வாலிபர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



கம்ப்யூட்டரில் ஒரு கருவித் தொகுப்பைப் பதித்து, அதைக்கொண்டு உயிர்களின் எழுத்தைப் படிப்பது எப்படி என்பதே இன்று நான் பேச வந்த விஷயமாகும். “கரிசல் காடு மழைக்கு ஏங்கிக் கிடக்கிறது, தீப்பெட்டி ஆபீஸில் கூலி போதவில்லை, இவன் எழுத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டான்” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நம் மக்களை அடிமையாக வைத்திருந்ததே ஓர் எழுத்துத்தான் என்பதைச் சற்று யோசியுங்கள். மழை பொய்த்தால் தலையெழுத்து. பிள்ளை செத்தால் தலையெழுத்து. பட்டினி கிடந்தால் தலையெழுத்து. அந்த எழுத்தைப் படித்தவன் எவனாவது உண்டா? மண்டையோட்டில் இருக்கும் கோடு, எலும்பும் எலும்பும் சேருகிற பொருத்து, அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான எழுத்து ஒன்று இருக்கிறது. அது தலையில் மாத்திரம் இல்லை. உடம்பின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்னும் இழையாக இருக்கிறது. ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்து. அந்த இழையின் அமைப்பு 1953-ல் வெளியாயிற்று. மனிதனுடைய சுமார் 300 கோடி எழுத்தையும் வரிசைப்படுத்தும் வேலை 2003-ல் முடிந்ததாக அறிவித்தார்கள். நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி எந்த இனமோ, அந்த இனத்தின் சுமார் 170 கோடி எழுத்தும் 2014-ல் வெளிவந்துவிட்டது. பிராமணனுக்கும் பறையனுக்கும் பருத்திக்கும் அதே நாலு எழுத்துத்தான்!

இதைப் படிக்க என்ன வேண்டும்? நாள் பார்க்க வேண்டாம். தட்சணை வைக்க வேண்டாம். ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும், இண்டர்நெட்டும், பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியும் இருந்தால் போதும். 1999-ல் பல தேசத்தார் கூடித் தொடங்கிய பயோபைத்தான் என்னும் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளைத் திரையில் ‘பிப் இன்ஸ்டால் பயோபைத்தான்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தால், தானும் வந்து, தனக்கு வேண்டிய நம்பை என்னும் கணக்குத் தொகுப்பையும் கூட்டிக்கொண்டு வரும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பதிக்கும்போது அதன் பெயர் பயோபைத்தான். நிரலுக்குள் கூப்பிடும்போது ‘பயோ’ மாத்திரம், அதிலும் முதல் எழுத்துப் பெரிய எழுத்தாயிருக்க வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருக்கிறதல்லவா, அப்படித்தான்.

பிறகு ஃபாஸ்டா என்னும் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அதில் அம்புமுனை போன்ற குறியோடு தொடங்கும் வரி பெயர். அதன் கீழ் உள்ளதெல்லாம் எழுத்து. பெரிய கோப்பானால் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றக்கூடாது. ஒவ்வொன்றாகப் படிக்கும்படி சொல்ல வேண்டும். அதற்கு ‘சீக்ஐஓ’ என்ற பகுதி இருக்கிறது. இழை இரண்டாதலால், எதிர் இழையைத் தலைகீழாகவும் படித்தாக வேண்டும். ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையை எதிர் இழையில் திருப்பிப் படித்தாலும் அதுவே வரும். நம் ‘விகடகவி’யைப் போல. ஒரு நுண்ணுயிரின் நொதி அந்த இடம் பார்த்து இழையை வெட்டுகிறது.

தோழர்களே! என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பருத்தியின் கோப்பில் இந்த ஆறெழுத்தைத் தேடி, வந்த எண்ணிக்கையைப் பெரிய கண்டுபிடிப்பாக எண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினேன். தாயார் தீக்குச்சி அடுக்கப் போகிறவர், அந்தப் பெண் எழுந்து, “ஐயா, சின்ன எழுத்தில் இருப்பதையும் எண்ணினீர்களா?” என்றாள். நான் எண்ணவில்லை! திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சின்ன எழுத்தில் அச்சிடுவது வழக்கம். கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டுத் தேடியிருக்க வேண்டும். ஒரு புரோகிதரை அந்தப் பெண் இப்படிக் கேட்டிருக்க முடியுமா? கேட்கலாம் என்பதுதான் விஞ்ஞானம்.

அவள் இன்னொன்றும் கேட்டாள்: “இத்தனை தடவை வருவதற்கு அர்த்தம் என்ன?” நாலெழுத்தும் சரிசமமாக வருவதானால், எந்த ஆறெழுத்தும் 4,096 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். 170 கோடி எழுத்தில் சுமார் 4 லட்சம் தடவை வரும். ஆகவே, தேடியது கிடைத்தது என்பதனாலேயே அதற்கு அர்த்தம் வந்துவிடாது. ஜோசியன் செய்வது இதுதானே? நூறு சொல்லி, பலித்த இரண்டைப் பாடிக்கொண்டு திரிகிறான். நாம் தற்செயலுக்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டு, அதற்கு மேல் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறோம்.

அப்படி மிஞ்சியதனால் என்ன பிரயோஜனம்? தூரம் போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும், ஐதராபாத் செல் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும், வேறு பலரும் சேர்ந்து 2009-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். இருதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான ஜீனில், தெற்காசியரில் நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்கு 25 எழுத்துக் குறைகிறது. அடுக்கிய கட்டையில் குச்சி விட்டுப்போன இடம் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடனே கண்ணில் படுகிறதல்லவா, அதுபோலத்தான். இது உள்ளவர்க்கெல்லாம் நோய் வரும் என்பதில்லை. ஆனால் இருதயத் தசை நோய்க்கு ஆளாகும் அபாயம் கூடுகிறது. தெரிந்தால் டாக்டரிடம் காட்டி எச்சரிக்கையாக இருக்கலாம். தலையெழுத்து என்றிருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனைப் புதைத்துவிட்டு வருவதைத் தவிர வேறென்ன செய்திருப்போம்?

இதே எழுத்தைக் காட்டி ஜாதி மேன்மை பேச இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத்தே பதில் சொல்லுகிறது. 2009-லும் 2013-லும் வந்த ஆராய்ச்சிகளின்படி, இந்நாட்டின் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும் கலந்தவர்களே. அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்து, பிறகுதான் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணமுடிக்கும் வேலி பலப்பட்டது. சுத்த ரத்தம் என்பது பொய். வேலி போட்டதற்குக் கூலி மாத்திரம் மெய். ஒரே குறை தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து பிள்ளையிடம் கூடினால், சில நோய்கள் தலைகாட்டுகின்றன. சிறு கூட்டத்துக்குள்ளும் நெருங்கிய சொந்தத்திலும் மணம் செய்வதால் அந்த அபாயம் அதிகமாகிறது. இதையும் ஜாதகப் பொருத்தம் பார்த்தவன் சொல்லவில்லை.

ஆகவே தோழர்களே! காதால் கேட்டாலே குற்றம் என்று சொல்லப்பட்ட எழுத்து ஒரு காலத்தில் இருந்தது. இந்த எழுத்து அப்படியல்ல. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று பயோபைத்தான் கேட்பதில்லை. இன்றிரவே பதித்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள். நான் சொன்னதையும் நம்பிவிடாமல் நீங்களே எண்ணிப் பாருங்கள். தப்பிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.