முதுமையும் மறதியும்



"கல்லணை திறந்தாயிற்றா?" என்று காலையில் கேட்ட பெரியவர் மாலைவரை அதையே கேட்டால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். அது மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நகரங்களைவிடக் கிராமங்களிலேயே இது மிகுதி.

'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல் 14 காரணங்களை எடுத்துக்காட்டியது. அவற்றை அறவே நீக்க இயன்றால், மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மது ஆகியவற்றை நாம் அறிவோம். செவிக்குறையும் பார்வைக்குறையும் தனிமையும் அப்பட்டியலில் உள்ளதைப் பலர் அறியார். காது கேளாதவர் பேச்சைக் குறைக்கிறார். பிறகு திண்ணையில் தனித்துவிடுகிறார். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்ட காவிரிக்கரை ஊர்களில் இத்தனிமை பெரிது.

தாவர உணவு மட்டுமே உண்ணும் நாம் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். நமக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அதனாலும் மறதி வரும். உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்தால் சீராகக்கூடும்.

ஆகவே, விழாவுக்கு வந்துள்ள இளையோரே, ஊர் திரும்புமுன் பெற்றோரின் காது, கண், இரத்தம் மூன்றையும் சோதிக்கச் செய்யுங்கள். காதுக்கருவிக்கோ கண்புரை அறுவை சிகிச்சைக்கோ தயங்காதீர்கள். மாலை நூல் வாசிப்பில் அவர்களை நடுவில் அமர்த்துங்கள். கேட்டதையே மீண்டும் கேட்டாலும் சினவாது விடை கூறுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.