சுற்றுலாவில் காலைக் காப்பது செருப்பே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ஷூ போட்ட காலை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்த தாய்மார்களே, பெரியோர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே!

"சுற்றுலாவில் நம் காலைப் பெரிதும் காப்பது ஷூவா? செருப்பா?" என்பது இன்றைய தலைப்பு. செருப்பே என்று பேச வந்திருக்கிறேன். ஐயா, மேடையில ஒரு பெண் எழுந்து செருப்புன்னு சொன்னதும் முன்வரிசையில ரெண்டு பேர் நிமிர்ந்து உட்கார்றாங்க. பயப்படாதீங்க. காலில் போடுற செருப்பைப் பற்றித்தான் பேசப் போறேன். (சிரிப்பு) செருப்பு ஒன்றும் இளப்பமான பொருள் இல்லை ஐயா. பதினான்கு ஆண்டுகள் அயோத்தியின் அரியணையில் இருந்தது எது? இராமனுடைய பாதுகை. அது லேஸ் கட்டுற ஷூவாக இருந்திருந்தால், பரதன் கேட்டதும் இராமன் கழற்றிக் கொடுக்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் தன் மைத்துனர் கதையைச் சொன்னாரு. ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு ஊட்டிக்குப் போனாராம், மழையில வழுக்கி விழுந்தாராம். நாமும் சிரிச்சோம். நடுவர் அவர்களே, குளியலறைக்கு வாங்கின செருப்பைப் போட்டுக்கிட்டு ஊட்டிக்குப் போனா, அது செருப்போட குற்றமா, மைத்துனரோட குற்றமா? (சிரிப்பு)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணி ஹவாய் செருப்புக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தச் செருப்பு குதிகாலைப் பிடிக்காது. நடக்கும்போது அது கழன்று போகாமல் இருக்க, நம்ம கால்விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் நண்டு மாதிரி மடங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போய் வரப் பரவாயில்லை. நாள் பூரா நடந்தா விரல் வலிக்கும், கெண்டைக்கால் இழுக்கும். குதி உயர்ந்த செருப்புக்கும் நாங்கள் கட்சி கட்டவில்லை. அது உடம்போட பாரத்தை முன்பாதத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கல்யாண வரவேற்புல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க.

நாங்கள் சொல்வது நடப்பதற்கென்று செய்த செருப்பு. பின்னால் குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை. முன்னால் பாதத்தின் மேல் அகலமான ரெண்டு பட்டை. அடியில் உறுதியான சோல். உள்ளங்கால் வளைவு வந்து உட்காருகிற மாதிரி ஒரு மேடு. குதிகால் பதிய ஒரு குழி. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன ஐயா. நல்ல செருப்பு அந்த 26 எலும்பையும் கீழேயிருந்து தாங்கும். மேலேயிருந்து அமுக்காது. ஷூவிலும் அப்படித் தாங்குகிறது உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம ஊர்க்காரங்க எங்கே சுற்றுலா போறாங்க? அதைப் பார்க்க வேண்டாமா?

ஒரு நாள் கும்பகோணம் போகிறீர்கள். விடிகாலையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். அப்புறம் சாரங்கபாணி, கும்பேசுவரர், நாகேசுவரர். பகல் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துறதுக்குள்ளே நாலு கோயில். நாலு தடவை கழற்றணும், நாலு தடவை மாட்டணும். ஷூ போட்டவர் என்ன செய்கிறார்? உட்கார இடம் தேடுறாரு. குனியறாரு, தொப்பை தடுக்குது. (சிரிப்பு) லேஸை அவிழ்க்கிறாரு, சாக்ஸை உருட்டி ஷூவுக்குள்ளே திணிக்கிறாரு. உள்ளே போனா பிராகாரத்தில் தண்ணீர். ஈரக்காலோட திரும்பி வர்றாரு. காயறதுக்கு நேரம் ஏது? சகதர்மிணி பஸ்ஸில் இருந்து கூப்பிடுறாங்க. ஈரத்தோட சாக்ஸ், அதுக்கு மேல ஷூ. தோல் ஈரத்தில் ஊறினால் இளகிவிடும். இளகின தோல் உராய்ந்தால் கொப்புளம். மூன்றாவது கோயிலில் ஆரம்பிக்கும், நாலாவது கோயிலில் அவர் நொண்டுவார். பட்டைச் செருப்பு போட்டவருக்குக் காற்றிலேயே கால் காய்ந்துவிடும்.

இன்னொன்று. ஐயாயிரம் ரூபாய் ஷூவை வாசலில் விட்டுட்டு, சந்நிதியில் நிற்கிறவரோட மனசு எங்கே இருக்கும்? நான் சொல்லத் தேவையில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

வடக்கே போனாலும் இதே கதைதான். அமிர்தசரஸ் பொற்கோயிலில் கழற்ற வேண்டும். டெல்லி தாமரைக் கோயிலில் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று இப்போது செல்போனே கணக்குச் சொல்கிறது. ஊர் சுற்றுகிற நாளில் 20,000 அடி சாதாரணமாக ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு கிரிவலம் ஐயா! திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டரைப் பௌர்ணமிக்கு ஒரு தடவை சுற்றுகிறோம். சுற்றுலாவில் அஞ்சு நாளும் கிரிவலம்.

இதில் சிரிக்க முடியாத ஒரு சேதி இருக்கிறது. எங்க தெருப் பெண்கள் 22 பேர் சேர்ந்து ஹம்பிக்குப் போனோம். எங்க பெரியம்மாவும் வந்தாங்க. 63 வயசு. மகன் ஆசையாக ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். காலை நேரத்தில் கடைக்குப் போய், அவங்க பழைய செருப்பு நம்பரைச் சொல்லி வாங்கினது. பெட்டியைப் பிரித்ததே ஹம்பியில்தான். முதல் நாள் விருபாட்சர் கோயில், கடைத்தெரு, ஆற்றங்கரைப் பாறை. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் ரெண்டு கட்டை விரல் நகமும் கறுத்துப் போயிருந்தது. ஏன்? நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும். காலையில் சரியாக இருந்த ஷூ சாயங்காலம் சிறையாகிவிட்டது. மறுநாள் விட்டலர் கோயில். அங்கேதானே அந்தக் கல் ரதம்! பெரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் அம்பது ரூபா நோட்டுல பாத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டாங்க. (சிரிப்பு) சிரிச்சுட்டோம் ஐயா. 2017-ல் வந்த ஐம்பது ரூபாய் நோட்டில் அந்த ரதம் இருக்கிறது, உண்மைதான். அதைப் பார்க்கவா ராத்திரி பூரா பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்கள்? வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்ற கால். அது ஒரு தடவை ஊர் பார்க்கக் கிளம்பும்போது தகுந்த செருப்பு இல்லாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டது. இப்படி ஜன்னல் வழியாகவே சுற்றுலா பார்த்துவிட்டு வருகிற தாய்மார்கள் எத்தனை பேர் இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள்? (பலத்த கைதட்டல்)

இது இன்று நேற்று வந்த கதையா? பூம்புகாரிலிருந்து மதுரைக்குக் கிளம்பின கண்ணகி, கொஞ்ச தூரம் வந்ததுமே கால் நொந்து, மூச்சு வாங்கி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் தொலைவை வைத்துக்கொண்டு, கோவலன் பக்கத்தில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். இன்றைக்கும் கணவன்மார்கள் அதையேதான் சொல்கிறார்கள், "தோ, அடுத்த திருப்பம்தான்." (சிரிப்பு, கைதட்டல்)

சரி, எப்படி வாங்குவது? நம்ம ஆட்கள் கடைக்குப் போனா முதல்ல நிறம் பார்ப்பாங்க, அப்புறம் விலை பார்ப்பாங்க, காலைக் கடைசியாகத்தான் பார்ப்பாங்க. சாயங்காலம் போங்கள், கால் வீங்கியிருக்கிற நேரம். ரெண்டு காலுக்கும் போட்டு எழுந்து நில்லுங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிய காலுக்குத்தான் அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீளமாக இருக்கும், அதையும் பாருங்கள். பிறகு செருப்பைக் கையில் எடுத்து மடக்குங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் மட்டும் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் அப்பளம் மாதிரி மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் அது உங்களைத் தாங்காது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும், நடக்கப் போவது அவரா? (சிரிப்பு)

"போடப் போட இளகிடும்மா"ன்னு ஒரு வசனம் எல்லாக் கடையிலும் உண்டு. தோல் பட்டை கொஞ்சம் இளகும், நிஜம். நீளம் ஒருநாளும் வளராது ஐயா. செருப்புக்கு ஏற்ற மாதிரி காலை வெட்டவா முடியும்?

மெத்தென்று இருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கடையில் ரெண்டு நிமிஷம் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். மூன்று மணி நேரம் நடந்தால் அமுங்கித் தட்டையாகி, தரை கல்லைக் கல்லாகவே காலுக்குச் சொல்லும். பட்டையில் பக்கிள் நல்லதா, ஒட்டுப்பட்டை நல்லதா என்று கேட்பீர்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு ஒட்டுப்பட்டை வசதி. ஆனால் அதன் சொரசொரப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புடவை ஓரத்தைப் பிடித்து இழுக்கும். பட்டுப்புடவையாக இருந்தால் அன்றைக்கு வீட்டில் வேறு பட்டிமன்றம் நடக்கும்! (சிரிப்பு)

வாங்கினதைப் பெட்டியிலேயே வைத்துப் பயணம் கிளம்பாதீர்கள். ரெண்டு வாரம் முன்னாடியே காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். "செருப்பு கடிக்குது"ன்னு நாம சொல்றோமே, அந்தக் கடியை ஊரிலேயே கடித்து முடித்துவிடட்டும். கடிக்கிற இடத்தில் பட்டையின் உள்பக்கம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் இளகும்.

நடுவர் அவர்களே, மணியின் மேல் உங்கள் கை போவது தெரிகிறது. இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நம்ம கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஓர் ஆங்கிலேயர், டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதாகத்தான் உலகம் அன்று நம்பியது. அவர் பார்த்துச் சொன்னார்: உணர்ச்சி போய்விட்டதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் புண்ணோடேயே நடக்கிறார்கள், அதனால்தான் காலை இழக்கிறார்கள். அந்தக் கால்களுக்காக வேலூர்ப் பக்கத்தில் உருவாகி வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்று பெயர். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். பின்னால் குதிகால் பட்டை. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் அதைத்தான்.

நம்ம வீட்டுச் சுற்றுலாக் கூட்டத்தில் சர்க்கரை இல்லாத பெரியவர் எத்தனை பேர் ஐயா? சிலருக்குக் கால் மரத்திருக்கும். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்கே தெரியாது, நடந்து போய்க்கொண்டிருப்பார். அவருக்கு ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் போனாலும் தெரியாது, ராத்திரி சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு விரலிடுக்கில் மாட்டுகிற செருப்பு வேண்டாம், அந்த இடுக்கிலேயே புண் வரும். பட்டை போட்ட எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். சித்திரை வெயிலில் கோயில் கல்தரை கொதிக்கும்போது கயிற்று விரிப்பை விட்டு அவர்களை இறங்க விடாதீர்கள். சுட்டது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் தங்குகிற இடத்தில் அவர்கள் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒரு தடவை நீங்களே பாருங்கள். (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் அடுத்து வந்து, "மலையேற்றத்துக்குச் செருப்பா? பனியில் செருப்பா?" என்று கேட்பார். பத்ரிநாத் குளிருக்கும் காட்டுப் பாதைக்கும் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. மழைக்காலத்தில் கேரளா போகிறவர்கள் தோல் செருப்பை விட்டுவிட்டு, சீக்கிரம் காய்கிற ரப்பர் பட்டைச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பையில் இடம் இருந்தால் ரெண்டு ஜோடி கொண்டுபோய் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உராயாது.

மணி அடிச்சாச்சு. எங்க பெரியம்மா அடுத்த வருஷம் பட்டைச் செருப்போட பேலூர், ஹளேபீடு ரெண்டையும் நடந்தே பார்த்தாங்க. நடுவர் அவர்களே, நீங்கள் இந்த மேடைக்கு ஷூவோடு வந்தீர்கள். மேஜைக்கு அடியில் அந்த ஷூ தனியாகவும் உங்கள் கால் தனியாகவும் அரை மணி நேரமாக இருப்பதை இங்கிருந்தே பார்க்க முடிகிறது. தீர்ப்பு எந்தப் பக்கம் என்று உங்கள் கால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது ஐயா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)