ஹாம் ரேடியோ: கம்பம் நடுமுன் சில வார்த்தைகள்

(அறக்கட்டளையின் இளைஞர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. கரண்ட் போனது; பின்னாலேயே செல்போனும் போனது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றது. அடுத்த ஊரில் இருக்கும் உம்மாவின் நிலை தெரியாமல் தவித்த பிள்ளைகள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள்.

அதனால்தான் மதரஸா மாடியில் ஹாம் ரேடியோ அமைக்க இளைஞர்கள் அனுமதி கேட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், அந்தமானின் செய்திகளை ஹாம் ரேடியோ வழியாகத்தான் வெளியுலகுக்குச் சேர்த்தார். இதற்கு டவர் வேண்டாம். செட்டும் பேட்டரியும் நீளமான ஒரு கம்பியும் போதும்.

அந்தக் கம்பியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. முருங்கைக்காய் பறிக்க இரும்புத் துரட்டியை நீட்டி, அது மின்கம்பியில் பட்டு மௌத்தானவர்களின் செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருப்போம்! ஆன்டெனாக் கம்பமும் நீளமான துரட்டிதான். நிமிர்த்தும்போது ஒரு காற்று தள்ளினால் போதும். ஆகவே கம்பம் 30 அடி என்றால் மின்கம்பி 45 அடிக்கு அப்பாலாவது இருக்க வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது என்பதே கணக்கு. தெருவில் அவ்வளவு இடமில்லையென்றால் அந்த இடம் வேண்டாம். மாடியில் தனியாக ஏற வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் உறங்குவதையே நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அங்கே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவனுக்கு என்ன சொல்வது?

மினாராவில் கட்டலாமே என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அதில் சம்மதமில்லை. ஊரில் உயரமானது அதுதான். இடி தேடி வருவதும் அதைத்தான். மைக் செட் வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன.

அடுத்து, மின்னல். செட்டை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று தம்பிமார்கள் நினைக்கிறார்கள். சுவிட்ச் மின்னலைத் தடுக்காது. வானம் கறுக்கும்போதே ஆன்டெனா வயரைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். இடி சத்தம் கேட்ட பிறகு அந்த வயரைத் தொடுவதே ஆபத்து. இங்கேதான் சங்கடம்: ரேடியோ மிகவும் தேவைப்படுவது புயல் நாளில்தான். "மக்கள் தவிக்கும்போது எப்படிப் பேச்சை நிறுத்துவது?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல உள்ளம். ஆனால் இடி இருக்கும்வரை நிறுத்தத்தான் வேண்டும். நம்மூர் வெள்ளம் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடவில்லை, நாள்கணக்கில் நின்றது. மின்னல் ஓய்ந்த பிறகும் பேச எவ்வளவோ நேரம் இருந்தது.

பேச்சு போய்க்கொண்டிருக்கும்போது ஆன்டெனாவைத் தொட்டால் கை பொசுங்கும். பிள்ளைகள் மாடியில் விளையாடும் நேரத்தில் பேச வேண்டாம். பழைய வால்வு செட் கிடைத்தால் திறந்து பார்க்க ஆசை வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைக் கழற்றாதீர்கள். ஜெனரேட்டரை அறைக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் வாசமில்லாத விஷம் உண்டு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நம் கடற்காற்றில் இழுகம்பி துருப்பிடிப்பதைச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் லைசென்ஸ். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெறாமல் பேசுவது குற்றம்; அறக்கட்டளை அதற்கு இடம் தராது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். பெண் பிள்ளைகளும் தாராளமாகப் பெயர் கொடுங்கள். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். வாப்பாவையோ உம்மாவையோ உடன் அழைத்து வாருங்கள். கம்பம் நடும் இடத்தை மின்வாரிய லைன்மேன் ஒருவரிடம் காட்டிய பிறகே இன்ஷா அல்லாஹ் குழி தோண்டுவோம். வஸ்ஸலாம்.