அடுத்தவங்களைக் காப்பாத்த அடிக்கலாமா?

எங்க எழுமலையில "அடுத்தவன் சண்டையில கை வைக்காத, கேஸ் உன் மேலதான் வரும்"னு சொல்லித்தான் வளர்த்தாங்க. சட்டம் அப்படிச் சொல்லல.

2012-ல மதுரையில ஒரு அம்மா, மகளைப் பாலியல் வன்முறை செய்ய முயன்ற தன் கணவரைக் கிரிக்கெட் மட்டையால அடிச்சாங்க. அவர் இறந்துட்டார். அப்போ எஸ்.பி.யா இருந்த அஸ்ரா கார்க், இந்திய தண்டனைச் சட்டம் 100-வது பிரிவைச் சொல்லி அந்த அம்மாவை விடுவிச்சார். நம்ம உடம்பை மட்டுமில்ல, அடுத்தவங்க உடம்பையும் காப்பாத்த உரிமை இருக்கு. கொலை, பாலியல் வன்முறை மாதிரி ஆபத்துன்னா, தாக்குறவன் உயிரே போனாலும் குற்றமில்ல. இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில இது 35, 38-வது பிரிவுகள்.

ஆனா நண்பர்களே, 37-வது பிரிவையும் படிங்க. தேவைக்கு மேல அடிக்கக் கூடாது. அந்தப் பதற்றத்துல யார் அளந்து அடிப்பாங்க? அது கோர்ட்டுக்கும் தெரியும். ஆனா ஆபத்து முடிஞ்சு ஓடுறவனைத் துரத்திப்போய் அடிச்சீங்கன்னா, அந்த அடிக்கு இந்த உரிமை கிடையாது.