படகு ஏணிக்கு எந்தப் பலகை?



ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நம்மில் சிலருக்குச் சொந்தமாகச் சிறு படகு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வலையை எடுத்துக்கொண்டு கழிமுகம் வரை போய் வருவோம். அக்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதும் உண்டு. படகின் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடுகிறோம். ஓட்டைகளை அடைக்கிறோம். ஆனால் ஏறி இறங்கும் ஏணியை மட்டும் மறந்துவிடுகிறோம். அந்த ஏணியின் படிகளை மாற்றும்போது எந்தப் பலகையைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம். ஏணியில் ஒரு படி உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் பழைய மேசைப் பலகையை அறுத்து, ஆணி அடித்து, பச்சைச் சாயமும் பூசிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதங்கள் கழித்து, நீர் வற்றியிருந்த ஒரு மாலை நேரம். அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு அந்தப் படியில் கால் வைத்தார். படி இரண்டாக முறிந்தது. மேலே நின்ற கொழுந்தன் குழந்தையை எட்டிப் பிடித்துக்கொண்டார். தாய்க்கோ காலில் ஆழமான காயம். மூன்று வாரம் பால்மரம் வெட்டப் போக முடியவில்லை. அத்தனை நாள் சம்பளமும் போயிற்று. உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தால், சாயத்துக்குள்ளே மரம் புட்டு மாதிரி உதிர்ந்தது.

அந்த மேசை ரப்பர் மரத்தால் செய்தது. நாம் அன்றாடம் தொட்டுப் பழகிய மரம்தான். ஒரு காலத்தில் விறகாக எரிந்த அந்த மரம், இன்று மேசை நாற்காலிகளாகி வெளிநாடுகளுக்கும் போகிறது. வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். ஆனால் அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஆகவே பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் அதை விரைவில் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்க, மரத்தை அறுத்த சில நாட்களுக்குள் ஆலையில் போரான் உப்பு மருந்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. மழையிலும் ஆற்றிலும் நனைய நனைய மருந்து வெளியேறிவிடும். மரம் மட்டும் மிஞ்சும்.

சாயம் பூசினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆணித் துளை வழியாக நீர் உள்ளே புகும். சாயம் அதை எளிதில் காயவிடாது. உள்ளே மரம் மக்குவதையும் நம் கண்ணுக்குக் காட்டாது.

அப்படியானால் எந்த மரம் நல்லது? மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் மரம் மிகச் சிறந்தது. திரங்கானுவில் மரப்படகு கட்டுவோர் இதைத்தான் பெரிதும் போற்றுவார்கள். காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 600 கிலோ எடை என்றால், செங்கால் 900 கிலோவுக்கும் மேல். பாலாவ் மரமும் கனமானது, உறுதியானது. மெராந்தியில் இலேசான வகைகள் வீட்டு வேலைக்கு ஏற்றவை. நனைந்து நனைந்து காயும் படிக்கு ஏற்றவை அல்ல.

செங்கால் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் நாலு படிக்கு எவ்வளவு மரம் வேண்டும்? மரம் அறுக்கும் ஆலையிலோ படகுப் பட்டறையிலோ மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் செதுக்கிவிட வேண்டும். எந்த உயர்ந்த மரத்திலும் வெளிறு மக்கிப் போகும். அடுத்து, மரத்தின் இழை படியின் நீளவாட்டில் நேராக ஓட வேண்டும். மூன்றாவதாக, படியின் நடுவில் கணு இருக்கக் கூடாது.

பலகையின் கனத்திலும் சிக்கனம் வேண்டாம். அதே மரத்தில், முக்கால் அங்குலப் பலகையைவிட ஒன்றரை அங்குலப் பலகை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு பாரத்தைத் தாங்கும்.

சாதாரண இரும்பு ஆணி உப்புநீரில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை வாங்குங்கள். செங்கால் கடினமானது, முதலில் துளை போடாமல் முடுக்கினால் பிளந்துவிடும். படியின் மேல் வழவழப்பான சாயம் வேண்டாம். ரம்பத்தால் குறுக்கே மெல்லிய கோடுகள் போட்டால் ஈரக்கால் வழுக்காது.

மருந்து ஏற்றிய பழைய வேலிக்கால்கள் பச்சை நிறமாகக் கிடைக்கும். அவற்றில் சிலவற்றில் ஆர்செனிக் என்னும் நஞ்சு உண்டு. கையும் காலும் படும் படிக்கு அவை வேண்டாம். துண்டுகளை அடுப்பிலும் எரிக்காதீர்கள். புகையும் சாம்பலும் கெடுதி.

ஒரு படி மக்கியிருந்தால், அதே வயதுடைய மற்றப் படிகளையும் சந்தேகியுங்கள். பேனாக்கத்தி முனையால் திருகாணியின் ஓரங்களிலும் படியின் இரு முனைகளிலும் குத்திப் பாருங்கள். கத்தி மெத்தென்று இறங்கினால், அந்தப் படியை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். புதுப் படி போட்டதும், ஏணியைத் தரையில் சாய்த்துவைத்து, வீட்டில் கனமானவர் முதலில் ஏறிப் பார்க்கட்டும்.

நாம் சொன்ன அந்தக் குடும்பத்தார் இப்போது நாலு படியையும் செங்காலில் மாற்றிவிட்டார்கள். சாயம் பூசவில்லை. நரைத்துப்போன அந்தப் படிகள் பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் அந்தத் தாய் இன்று குழந்தையோடு பயமில்லாமல் அவற்றில் கால் வைக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வலையை எடுக்குமுன், ஒரு பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியருகே போங்கள்.